ரயிலில் ஏறத் தடை, நடந்தே ஊர் ஊராகப் போன சுப்பிரமணிய சிவா: பாப்பாரப்பட்டி நினைவாலயத்தின் பின்னால் இருக்கும் வாழ்க்கை

தருமபுரி மாவட்டத்தில் சுப்பிரமணிய சிவாவின் பெயரைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. கோபாலபுரத்தில் இருக்கும் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு அவர் பெயர்தான். கரும்பு வெட்டும் பருவத்தில் விவசாயிகள் வாயில் அந்தப் பெயர் தினமும் வந்து போகும். பாப்பாரப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் கனவு கண்ட பாரத மாதா ஆலயமும் நினைவாலயமாகக் கட்டப்பட்டு, 2021-ல் திறக்கப்பட்டது.

ஆனால், அவர் இந்த மாவட்டத்துக்காரர் இல்லை. பிறந்தது வத்தலக்குண்டு. சிறைக்குப் போகக் காரணமான ஊர் தூத்துக்குடி. பத்திரிகை நடத்தியது சென்னை. அப்படியிருக்க, பாப்பாரப்பட்டிக்கு ஏன் வந்தார்? கடைசி மூச்சை ஏன் இங்கே விட்டார்? 40 வயதிலேயே இறந்துபோன அந்த மனிதருக்கு என்னதான் ஆச்சு?

வத்தலக்குண்டு சுப்பராமன்

1884 அக்டோபர் 4 அன்று, அப்போதைய மதுரை மாவட்டத்தில் இருந்த வத்தலக்குண்டில் பிறந்தார். இன்று அது திண்டுக்கல் மாவட்டம். அப்பா ராஜம் ஐயர், அம்மா நாகலட்சுமி. வீட்டில் வைத்த பெயர் சுப்பராமன். இதே ஊரைச் சேர்ந்த நாவலாசிரியர் பி.ஆர்.ராஜம் ஐயரையும் சிவாவின் அப்பாவையும் சிலர் ஒருவராக நினைத்துக் குழப்பிக்கொள்வது உண்டு. இருவரும் வேறு வேறு ஆட்கள்.

குடும்பத்தில் வறுமை. மதுரையில் கொஞ்ச காலம் படிப்பு. பிறகு திருவனந்தபுரம். அங்கே சத்திரத்தில் இலவசமாகச் சாப்பாடு கிடைத்தது என்பதும் அங்கே போனதற்கு ஒரு காரணம். சின்ன வயதிலேயே மீனாட்சி என்பவரோடு திருமணம் நடந்தது. சிவகாசியில் காவல் துறையில் எழுத்தர் வேலை கிடைத்தும் அதில் நிலைக்கவில்லை. சம்பளத்துக்குக் கைகட்டி நிற்கிற சுபாவம் அவருக்கு இல்லை. 'சிவம்' என்ற பெயர் துறவி ஒருவரிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. சுப்பராமன் சுப்பிரமணிய சிவா ஆனார்.

1905-ல் வங்கம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அந்நியத் துணி வேண்டாம், சொந்தப் பொருள் போதும் என்ற சுதேசி அலை நாடு முழுக்க அடித்தது. திருவனந்தபுரத்துக்கும் அது வந்தது. 1906 வாக்கில் அங்கே வந்த வடநாட்டுப் பேச்சாளர் ஒருவரின் உரைகள் சிவாவை அப்படியே இழுத்துக்கொண்டன. இளைஞர்களைச் சேர்த்து 'தர்ம பரிபாலன சமாஜம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் பேசினார். திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு இது பிடிக்கவில்லை. சமஸ்தானத்தை விட்டு வெளியேறும்படி உத்தரவு வந்தது. அவரும் வெளியேறினார். ஆனால், பேச்சை விடவில்லை.

தூத்துக்குடியில் சேர்ந்த கூட்டணி

1908 தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அந்த ஊர் கொதித்துக்கொண்டிருந்த நேரம். வழக்கறிஞரான வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் கம்பெனி ஏகபோகமாகக் கப்பல் விட்டுக்கொண்டிருந்த பாதையில் இந்தியர்களின் கப்பலும் ஓடத் தொடங்கியிருந்தது.

வ.உ.சி.யிடம் திட்டம் இருந்தது, அமைப்பு இருந்தது. கூட்டத்தைக் கட்டிப்போடும் குரல் சிவாவிடம் இருந்தது. கடற்கரையில் தினமும் பொதுக்கூட்டம். படித்தவர்கள் மட்டும் அல்ல, மில் தொழிலாளிகளும் வண்டிக்காரர்களும் சின்னக் கடைக்காரர்களும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். அரசியல் பேச்சு என்றாலே ஆங்கிலத்தில், மனுப் போடுகிற தொனியில் இருந்த காலம் அது. சிவா பேசியது தமிழில். சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி.

அந்த மாதத்திலேயே அதற்குச் சோதனை வந்தது. தூத்துக்குடி கோரல் மில்லில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். கூலி குறைவு, வேலை நேரம் அதிகம், வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரி 27 அன்று அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சிவாவும் பின்னால் நின்றார்கள். வேலைக்குப் போகாதவர்களின் அடுப்பு எரிய ஊரில் பணம் திரட்டப்பட்டது. ஒரு வாரத்துக்கும் கொஞ்சம் மேல் போராட்டம் நீடித்தது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. இந்தியத் தொழிலாளர் இயக்கத்தின் ஆரம்பகால வெற்றிகளில் ஒன்றாக இது இன்றும் பேசப்படுகிறது.

அரசுக்கு இதுதான் உறுத்தியது. கப்பல் விடுவது வியாபாரம். கடற்கரையில் பேசுவது வெறும் பேச்சு. ஆனால், பேச்சைக் கேட்டு மில்லே நிற்கிறது என்றால் அது வேறு விஷயம்.

கைது, கலவரம், தீர்ப்பு

வங்கத் தலைவர் பிபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையாகும் நாள் 1908 மார்ச் 9. அதைக் கொண்டாடக் கூடாது என்றது நிர்வாகம். தடையை மீறிக் கொண்டாடினார்கள். ஆட்சியர் விஞ்ச் கூப்பிட்டு, நன்னடத்தைக்குப் பிணை எழுதிக் கொடுக்கச் சொன்னார். மறுத்தார்கள். மார்ச் 12 அன்று வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைது செய்யப்பட்டார்கள்.

மறுநாள் திருநெல்வேலி வெடித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் மில் தொழிலாளிகள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். தலைவர்களைப் பிடித்ததற்காகத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தது அந்தக் காலத்தில் புதுசு.

அமர்வு நீதிமன்றத்தில் நீதிபதி பின்ஹே முன்னிலையில் விசாரணை நடந்தது. 1908 ஜூலை 7 அன்று தீர்ப்பு வந்தது. அரசுக்கு எதிராகப் பேசியதற்காக சிவாவுக்குப் பத்து ஆண்டு நாடுகடத்தல். வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைக்குச் சமமாக நாற்பது ஆண்டு. அதில் பாதி, அதாவது இருபது ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக. ஒருவரின் பேச்சுக்காக, அவருக்கு இடம் கொடுத்த இன்னொருவருக்கு அவரைவிட அதிகத் தண்டனை. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தபோது இருவரின் தண்டனையும் ஆறு ஆண்டாகக் குறைந்தது.

அந்தமானுக்கு அனுப்பப்படவில்லை. இங்கேயே கடுங்காவல். வ.உ.சி. கோயம்புத்தூரில் செக்கிழுத்தார். சிவா திருச்சி, சேலம் சிறைகளில் இருந்தார். 1912 நவம்பர் 2 அன்று விடுதலையானார். உள்ளே போகும்போது 23 வயது. வெளியே வந்தபோது 28. உடம்பில் தொழுநோய்.

சிறை வேலையால்தான் நோய் வந்ததா?

கம்பளி மயிரைச் சுண்ணாம்போடு சேர்த்துப் பதப்படுத்தும் வேலை சிறையில் கொடுக்கப்பட்டது, அதனால் நோய் வந்தது என்று அவரது வாழ்க்கை வரலாறுகளில் சொல்லப்படுவது உண்டு. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும் என்பது சரி. ஆனால், தொழுநோய் ஒரு நுண்ணுயிரியால் வருவது. நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-லேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கிருமி ரொம்ப மெதுவாக வளரும். உடம்புக்குள் புகுந்து அறிகுறி தெரியப் பல ஆண்டுகள்கூட ஆகலாம். நோயாளியோடு நெருக்கமாக, நீண்ட காலம் இருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் தொற்றும். பெரும்பாலான மனிதர்களுக்கு அதை எதிர்க்கும் சக்தி இயற்கையிலேயே உண்டு. நெரிசலான கொட்டடி, போதாத சாப்பாடு, ஓய்வில்லாத உழைப்பு ஆகியவை அந்தச் சக்தியைக் குறைக்கும். அந்த வகையில் சிறைக்குப் பங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அன்று இதற்கு மருந்து கிடையாது. பலன் தரும் மருந்துகள் வந்ததே 1940-களில்தான். இன்று அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிற கூட்டு மருந்தில் ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ குணமாகிற நோய் அது. சிவாவுக்கு அது ஆயுள் தண்டனை ஆனது.

பேனாவும் கிழிசல் துணியும்

விடுதலைக்குப் பிறகு சென்னையில் குடியேறினார். 1913-ல் 'ஞானபானு' என்ற மாத இதழைத் தொடங்கினார். அப்போது பாரதியார் புதுச்சேரியில் இருந்தார். பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்தால் கைது என்ற நிலை. அவர் எழுத்தை வெளியிடப் பலர் தயங்கிய காலத்தில் 'ஞானபானு' வெளியிட்டது. பாரதியாரின் 'சின்னச் சங்கரன் கதை' வந்தது அதில்தான். சிறையிலிருந்து வந்த வ.உ.சி.யும் அதில் எழுதினார். தமிழ்ப் புதுமை இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் இந்தச் சின்னப் பத்திரிகையைத் தாண்டிப் போக முடியாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வடமொழி கலக்காமல் தனித்தமிழில் கட்டுரை எழுதுகிறவருக்கு ஐந்து ரூபாய் பரிசு என்று 1915-ல் 'ஞானபானு' அறிவித்தது. தனித்தமிழ் இயக்கம் பெரிதாகப் பேசப்படுவதற்கு முன்பே, சமயமும் வேதாந்தமும் பேசிய ஒருவரின் பத்திரிகையில் இந்த அறிவிப்பு வந்தது.

பத்திரிகை சில ஆண்டுகளில் நின்றுபோனது. பிறகு 'பிரபஞ்ச மித்திரன்' என்ற பெயரில் இன்னொன்று. நாவல், நாடகம், சமய நூல்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். 'ராமாநுஜ விஜயம்', 'மத்வ விஜயம்' அவர் எழுதியவை. சிவாஜி, தேசிங்குராஜன் கதைகளை நாடகமாக எழுதினார். வருமானம் என்று பெரிதாக எதுவும் இல்லை. 1915-ல் மனைவி மீனாட்சி இறந்துபோனார். சென்னையில் டிராம்வே தொழிலாளர்களின் போராட்டத்துக்கும் போய் நின்றார். பிறகு காவி உடுத்தி, சுதந்திரானந்தர் என்ற பெயரும் வைத்துக்கொண்டார்.

1921-ல் மறுபடியும் வழக்கு, மறுபடியும் சிறை. இந்த முறை நோய் முற்றியிருந்ததால் தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுவிக்கப்பட்டார்.

ரயிலில் ஏற முடியாமல் போனது எப்படி?

சிவாவை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு அவருக்கென்றே ஒரு சட்டம் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. இருக்கிற சட்டமே போதுமானதாக இருந்தது. 1898-ல் வந்த தொழுநோயாளிகள் சட்டம், ஆதரவற்ற நோயாளிகளைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க அதிகாரம் கொடுத்தது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் நோயாளிகள் பொதுக் கிணற்றில் குளிக்கவும் வாடகை வண்டிகளில் ஏறவும் தடை விதிக்க வழி செய்தது. ரயிலுக்குத் தனிச் சட்டம். 1890 ரயில்வே சட்டம், தொற்றுநோய் உள்ளவர் ரயில்வே ஊழியரின் சிறப்பு அனுமதி இல்லாமல் ஏறினால் இறக்கிவிடவும் அபராதம் போடவும் இடம் கொடுத்தது.

பேச்சாளருக்குக் கால் மாதிரி ரயில். அதை எடுத்துவிட்டால் ஊர் ஊராகப் போக முடியாது, கூட்டம் போட முடியாது. ஆனால் சிவா நிற்கவில்லை. நடந்து போனார். முடியாதபோது கட்டை வண்டியில் போனார். புண்களைத் துணியால் சுற்றிக்கொண்டு மேடை ஏறினார். கூட்டத்தில் சிலர் ஒதுங்கியிருப்பார்கள், சிலர் முகம் சுளித்திருப்பார்கள். அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு இருந்த பயம் அப்படி. அதையும் தாங்கிக்கொண்டு பேசுவதற்கு, சிறைக்குப் போவதைவிடக் கூடுதல் துணிச்சல் வேண்டும்.

1898 சட்டம் சுதந்திர இந்தியாவில் எப்போது நீக்கப்பட்டது தெரியுமா? 2016-ல்தான்.

பாப்பாரப்பட்டிக்கு வந்த காரணம்

சிவாவின் மனதில் ஒரு திட்டம் ரொம்ப நாளாக இருந்தது. சாதி, மதம் பார்க்காமல் எல்லாரும் வந்து வணங்கக்கூடிய பாரத மாதா கோயில் ஒன்று கட்ட வேண்டும். கூடவே, நாட்டு வேலைக்கு இளைஞர்களைத் தயார் செய்ய ஓர் ஆசிரமம் வேண்டும். இதற்கு இடம் தேடியபோது கைகொடுத்தது பாப்பாரப்பட்டி. அன்று அது சேலம் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல்.

இந்த ஊரில் அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் சின்னமுத்து முதலியார். நண்பர்களின் உதவியோடு ஊருக்குப் பக்கத்தில் சுமார் ஆறு ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. பாரத ஆசிரமம் என்று பெயர். 1923 ஜூன் 23 அன்று கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார், தேசபந்து சித்தரஞ்சன் தாஸ். அந்த வருஷம்தான் அவர் மோதிலால் நேருவோடு சேர்ந்து சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கியிருந்தார். நாடறிந்த வங்கத் தலைவர் ஒருவர் இவ்வளவு உள்ளே இருக்கிற ஒரு ஊருக்கு வந்து அடிக்கல் நாட்டினார் என்றால், சிவாவின் பெயருக்கு இருந்த மதிப்பு புரியும்.

காசியில் உள்ள பாரத மாதா மந்திரைப் பலரும் அறிவார்கள். காந்தி அதைத் திறந்துவைத்தது 1936-ல். பாப்பாரப்பட்டி அடிக்கல் அதற்குப் பதின்மூன்று வருஷம் முந்தியது. ஆனால் காசியில் பணம் இருந்தது, கட்டி முடித்தார்கள். இங்கே கல்லோடு நின்றது. கோயிலுக்கு நிதி திரட்டத்தான் சிவா அந்த உடம்போடு திரும்பத் திரும்ப ஊர்களுக்குப் போனார்.

கடைசிப் பயணம்

1925-ல் மதுரைப் பக்கம் இருந்தார். உடம்பு மோசமானது. ஜூன் 16 அன்று சித்தரஞ்சன் தாஸ் டார்ஜிலிங்கில் இறந்த செய்தியும் வந்தது. அடிக்கல் நாட்டியவர் போய்விட்டார். தன் காலமும் முடியப்போகிறது என்று சிவாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாப்பாரப்பட்டிக்குப் போய்விட வேண்டும் என்று கிளம்பினார். இன்றைய சாலைக் கணக்கில் மதுரையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். ரயில் இல்லை. நடையும் வண்டியும்தான்.

ஜூலை 22 அன்று ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். மறுநாள், 1925 ஜூலை 23 அன்று இறந்தார். நாற்பத்தொன்று முடிய இல்லை, நாற்பத்தொன்று தொடங்கவே இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. அவரோடு சேர்ந்து நின்ற மூவர் வரிசையில் பாரதியார் 1921-லேயே போய்விட்டார். வ.உ.சி. 1936 வரை இருந்தார்.

நினைவாலயத்தில் எதைப் பார்ப்பது?

செத்துப்போன வீரனுக்குக் கல் நடுவது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. ஆநிரை மீட்டு விழுந்தவர்களுக்கும் ஊரைக் காத்து விழுந்தவர்களுக்கும் எடுத்த நடுகற்கள் தருமபுரி வட்டாரத்தில் நிறைய உண்டு. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் பார்க்கலாம். உலகம் முழுக்க இந்த வழக்கம் வேறு வேறு வடிவத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் சின்சினாட்டி ரெட்ஸ் என்ற பேஸ்பால் அணி 1958 முதல் தன் பழைய வீரர்களைத் தேர்ந்தெடுத்துப் புகழ் வரிசையில் சேர்க்கிறது. 2004-ல் மைதானத்துக்குப் பக்கத்திலேயே அதற்கு ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். மட்டை, கையுறை, சட்டை எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும். பொருளைப் பார்த்தால் ஆளைப் பார்த்த மாதிரி.

நம் சுதந்திரப் போராட்ட வரிசையிலும் வ.உ.சி.க்கு அப்படி ஒரு பொருள் இருக்கிறது. அவர் இழுத்த செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. அதைப் பார்த்த பள்ளிப் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பாரதியாருக்கு எட்டயபுரம், புதுச்சேரி, திருவல்லிக்கேணி என்று வீடுகள் இருக்கின்றன. சிவாவின் சொத்து குரலும் எழுத்தும். குரலைப் பதிந்து வைக்க அன்று வசதி இல்லை. 1961-ல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் டி.கே.சண்முகம் நடித்த சிவாதான் பலருக்கும் தெரிந்த சிவா.

அதனால் பாப்பாரப்பட்டிக்குப் போகிறவர்கள் கட்டிடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்த மாதிரி. 1923-ல் நட்ட கல்லுக்கும் 2021-ல் திறந்த ஆலயத்துக்கும் நடுவே 98 வருஷம். அந்த இடைவெளியின் முதல் இரண்டு வருஷம், ஒரு நோயாளி நடந்தே காசு சேர்த்த வருஷங்கள். ஒவ்வோர் ஆண்டும் பிறந்த நாளான அக்டோபர் 4 அன்றும் நினைவு நாளான ஜூலை 23 அன்றும் இங்கே மாலை போடுகிறார்கள். மற்ற நாட்களில் கூட்டம் இருக்காது. தருமபுரியிலிருந்து பேருந்து இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அவர் கடைசியாக வந்து சேர்ந்த பாதையில் கொஞ்ச தூரமாவது நடந்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு, ஜூலை மாத வெயிலும் அப்படியேதான் இருக்கிறது.